மணி ஒலித்தால் மட்டும் போதுமா?

உங்கள் இல்லத்தில் நள்ளிரவு இரண்டு மணிக்குத் தீப்பற்றினால், அது முதன்முதலில் யாருக்குத் தெரியவரும்? படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடாமல், இந்தக் கேள்வியைச் சற்றே மனத்தில் நிறுத்திப் பாருங்கள். உறங்கிக்கொண்டிருக்கும் உங்களுக்கா? கீழே நாற்காலியில் கண்ணயர்ந்திருக்கும் காவலாளிக்கா? எதிர் வீட்டாருக்கா? தெரிந்துகொண்ட அந்த ஒருவர் அதை யாரிடம், எப்படி, எத்தனை நிமிடங்களில் தெரிவிப்பார்? உயிர் பிழைப்பதும் பிழைக்காததும் பெரும்பாலும் இந்தக் கேள்விகளுக்கான விடைகளில்தான் அடங்கியிருக்கிறது.

சென்னை நங்கநல்லூரை அறியாதவர் குறைவு. ஒரு காலத்தில் தென்னையும் கிணறும் முற்றமும் கொண்ட தனி வீடுகள் நிறைந்திருந்த ஊர் அது. 2011ஆம் ஆண்டு ஆலந்தூர் நகராட்சியோடு சேர்ந்து பெருநகர மாநகராட்சிக்குள் வந்தது. இன்று அந்தத் தனி வீடுகளில் பல இடிக்கப்பட்டு, தரைத்தளத்தில் வாகனங்களும் அதற்கு மேல் மூன்று அல்லது நான்கு மாடிகளுமாக அடுக்கு வீடுகள் எழுந்துவிட்டன. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, முதியவர்கள் மட்டும் தனித்து வாழும் வீடுகளும் அங்கே ஏராளம்.

அத்தகைய அடுக்ககம் ஒன்றில்தான் என் அக்காள் குடும்பம் வசிக்கிறது. கட்டியவர்கள் வீடுகளை விற்கும்போதே, 'ஃபயர் அலாரம் வைத்திருக்கிறோம்' என்று பெருமையாகச் சொன்னார்கள். மாடிப்படி ஓரங்களில் வெள்ளை நிறத்தில் வட்ட வட்டமான கருவிகள். காவலாளியின் அறையில் சிவப்பு விளக்குகள் பொருத்திய ஒரு பெட்டி. பார்க்கத் திருப்தியாகத்தான் இருந்தது.

நாளடைவில் என்ன நடந்தது தெரியுமா? வெள்ளி இரவுகளில் ஒரு வீட்டில் சாம்பிராணி போடுவார்கள். வேறொரு வீட்டில் வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மிளகாய் தாளிப்பார்கள். உடனே மணி அலறும். குழந்தைகள் வீறிட்டு அழும். மூன்றாம் மாடிப் பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்குவார். நான்காவது தடவையோடு சங்கத்தார் பொறுமை இழந்தனர். மணியின் ஒலியை நிறுத்தி வைக்கும்படி காவலாளிக்குக் கட்டளையிட்டனர். விளக்கு மட்டும் எரியட்டும், சத்தம் வேண்டாம் என்பது தீர்மானம்.

அதன் பின் சில மாதங்கள் கழித்து ஓர் இரவு, தரைத்தளத்தில் இருக்கும் மின்சார மீட்டர் பலகை புகையத் தொடங்கியது. காவலாளி அறையில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவரோ வாயிற்கதவருகே உறங்கிக்கொண்டிருந்தார். தேர்வுக்காக விழித்திருந்து படித்துக்கொண்டிருந்த என் மருமகனின் மூக்குக்குத்தான் முதலில் புகை எட்டியது. அவன் எல்லாரையும் எழுப்பிவிட்டு 101க்குத் தொலைபேசி செய்தான். "எந்த இடம்?" என்று கேட்டார்கள். "நங்கநல்லூர், இரண்டாவது தெரு" என்றான். "எந்தக் காலனி இரண்டாவது தெரு, தம்பி?" என்று அடுத்த கேள்வி வந்தது. பதற்றத்தில் அவனுக்குக் காலனியின் பெயர் வாயில் வரவில்லை.

நங்கநல்லூருக்கு ஒருமுறையேனும் சென்று விலாசம் தேடியவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும். எண்களால் அழைக்கப்படும் மெயின் ரோடுகள், எண்களால் அழைக்கப்படும் தெருக்கள், அவற்றுக்கிடையே பற்பல காலனிகள், குறுக்குத் தெருக்கள். பகலிலேயே ஆட்டோக்காரர் நான்கு பேரிடம் கேட்டுத்தான் வந்து சேர்வார். இரவில், புகைக்கு நடுவே, பதினேழு வயதுப் பையன் என்ன செய்வான்? மச்சானுக்கோ ஆஸ்துமா. மாடிப்படி வழியே மேலேறிய புகையில் மூச்சுத் திணறி, அக்காளின் தோளைப் பிடித்தபடி இறங்கி வந்தார். இறைவன் அருளால் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து என்னை ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது: அந்தக் கட்டடத்தில் கருவி இருந்தது, விளக்கும் எரிந்தது, குறை எங்கே?

குறை கருவியில் இல்லை. கருவிக்கும் மனிதருக்கும் இடையே இருக்க வேண்டிய இணைப்பில்தான் குறை.

பெட்டிக்கு ஓர் எண்

இந்த இணைப்பைப் பற்றி உலகம் நெடுங்காலம் முன்பே சிந்தித்துவிட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் சானிங் என்ற மருத்துவரும் மோசஸ் ஃபார்மர் என்ற பொறியாளரும் சேர்ந்து, தந்திக் கம்பிகளைக் கொண்டு நகரம் முழுவதற்குமான தீ அறிவிப்பு முறை ஒன்றை அமைத்தார்கள். 1852ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் அது இயங்கத் தொடங்கியது. தெருமுனைகளில் இரும்புப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண். தீயைக் கண்டவர் பெட்டியைத் திறந்து பிடியை இயக்கினால், அந்த எண் தந்திக் குறிப்பாக மைய நிலையத்துக்குச் சென்று சேரும். எந்தத் தெரு, எந்த முனை என்று யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

பிற்காலத்தில் பள்ளிக்கூடங்கள், மருத்துவமனைகள், விடுதிகள் ஆகியவற்றின் உள்ளே இருக்கும் தனியார் எச்சரிக்கை மணிகளையும் இந்த நகர வலையோடு இணைக்கும் வழக்கம் ஏற்பட்டது. கட்டடத்துக்குள் புகை உணரப்பட்டதுமே, வாசலில் உள்ள பெட்டி தானாக இயங்கித் தன் எண்ணைத் தீயணைப்பு நிலையத்துக்கு அறிவித்துவிடும். தொலைபேசியும் கைப்பேசியும் பெருகிய பின்னர் பல நகரங்கள் தெருப் பெட்டிகளை அகற்றிவிட்டன. ஆயினும் பாஸ்டன் அவற்றை இன்றளவும் போற்றி வைத்திருக்கிறது.

நம் தமிழ் மக்கள் பெருமளவில் வாழும் சிங்கப்பூரில் வேறொரு முறை உள்ளது. பெரிய கட்டடங்களின் எச்சரிக்கை மணிகளை அனுமதி பெற்ற கண்காணிப்பு நிறுவனங்கள் இரவும் பகலும் கவனித்து, குடிமைத் தற்காப்புப் படைக்குச் செய்தியை அனுப்புகின்றன. வீடுகளையும் அந்நாடு விட்டுவைக்கவில்லை. 2018 ஜூன் முதல் தேதியிலிருந்து, புதிதாகக் கட்டப்படும் வீடுகள் எல்லாவற்றிலும் தீ எச்சரிக்கைக் கருவி பொருத்தப்பட்டாக வேண்டும் என்பது அங்கே விதி.

இணைப்புக்கு ஏன் இத்தனை விதிகள்?

தனியார் மணியை நகரத்தின் வலையோடு இணைப்பது, நினைத்தவுடன் ஒரு கம்பியை இழுத்து மாட்டிவிடும் காரியமன்று. இம்முறை நடைமுறையில் உள்ள நகரங்கள் விதிக்கும் நிபந்தனைகளைக் கவனியுங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பட்டறிவு இருக்கிறது.

முதலாவது, அனுமதி. கட்டட உரிமையாளர் தீயணைப்புத் துறையிடம் விண்ணப்பித்து, சரியான விலாசத்தையும் கட்டடத்தின் அமைப்பையும் நுழைவு வழியையும் பதிவு செய்ய வேண்டும். மணி ஒலித்த பிறகு விலாசம் தேடிக்கொண்டிருக்கலாகாது.

இரண்டாவது, தகுதி. பயிற்சி பெற்றவர்களே கருவியைப் பொருத்தி, சோதித்து, சான்று தர வேண்டும்.

மூன்றாவது, மின்சாரம். தீவிபத்தில் முதலில் அறுந்துபோவது மின்சாரமே ஆகையால், பேட்டரியின் துணை கட்டாயம். மின்சாரம் நின்ற பின்னும் 24 மணி நேரம் விழித்திருந்து, அதற்குப் பிறகும் மணியை ஒலிக்கச் செய்யும் ஆற்றல் வேண்டும் என்று அமெரிக்க விதித்தொகுப்பு வரையறுக்கிறது.

நான்காவது, கம்பியின் நலம். இணைப்புக் கம்பியில் எந்நேரமும் சிறிதளவு மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். எலி கடித்தாலும் எவரேனும் வெட்டினாலும் அந்த ஓட்டம் நின்று, 'பழுது' என்ற தனி அறிவிப்பு வந்துவிடும். தீ வேறு, பழுது வேறு என்று பிரித்துச் சொல்லத் தெரியாத கருவியை இணைக்க விடமாட்டார்கள்.

ஐந்தாவது, பொறுப்பாளர். இரவு எந்நேரமும் சாவியோடு வரக்கூடிய இருவர் அல்லது மூவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் நிலையத்தில் இருக்க வேண்டும். சோதனைக்காக மணியை ஒலிக்கச் செய்வதாயின் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

ஆறாவது, பொய்யான அழைப்புகளுக்குத் தண்டனை. ஒரு வருடத்தில் இத்தனை தடவைக்கு மேல் வீணாக மணி ஒலித்தால் அபராதம் என்று பல நகரங்களில் விதி உண்டு.

இந்த ஆறாவது விதியைக் கடுமையானது என்று எண்ணாதீர்கள். சாம்பிராணிப் புகைக்காக ஒரு தெருவுக்கு விரைந்து செல்லும் வண்டி, அதே வேளையில் வேறொரு தெருவில் தவிக்கும் குழந்தையிடம் போக இயலாது. இந்தத் தொல்லை பொறுக்காமல்தான், லண்டன் தீயணைப்புப் படை 2024 அக்டோபர் 29 முதல் ஒரு முடிவை நடைமுறைப்படுத்தியது. பெரும்பாலான வணிகக் கட்டடங்களில் காலை 7 மணி முதல் இரவு 8.30 மணி வரை தானியங்கி மணி மட்டும் ஒலித்தால் அவர்கள் புறப்பட மாட்டார்கள். தீ இருப்பதாக ஒரு மனிதர் சொல்ல வேண்டும். மக்கள் உறங்கும் இடங்களுக்கு இந்த விதி பொருந்தாது. உறங்குபவனால் சாட்சி சொல்ல முடியாதன்றோ!

நம் நாட்டில் நிலைமை என்ன?

இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் நான்காம் பகுதி முழுவதும் தீயிலிருந்தும் உயிரிழப்பிலிருந்தும் காத்துக்கொள்வதைப் பற்றியது. 15 மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களை அது உயர்ந்த கட்டடங்கள் என்கிறது. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளோ 18.30 மீட்டருக்கு மேற்பட்டவற்றை அவ்வாறு வகுக்கின்றன. எச்சரிக்கை மணி, தண்ணீர்க் குழாய், கட்டுப்பாட்டு அறை போன்ற கடுமையான நிபந்தனைகள் பெரும்பாலும் உயர்ந்த கட்டடங்களுக்கும் மருத்துவமனை, விடுதி, வணிக வளாகம் போன்றவற்றுக்குமே உரியவை. நங்கநல்லூரின் நான்கு மாடி அடுக்ககங்கள் பல அந்த அளவுக்குள் வருவதில்லை. சட்டம் வற்புறுத்தாத இடத்தில் நம் அறிவுதான் நம்மை வற்புறுத்த வேண்டும்.

மணி பொருத்தப்பட்ட கட்டடங்களிலும் ஒலி கேட்பது பொதுவாகக் காவலாளியின் மேசையில்தான். அங்கிருந்து ஒரு மனிதர் தொலைபேசியை எடுத்து 101 அல்லது 112 என்ற எண்ணை அழைத்தால்தான் வண்டி புறப்படும். அந்த ஒரு மனிதர் தயங்கினால் என்னவாகும் என்பதற்குக் கொல்கத்தாவே சாட்சி.

2011 டிசம்பர் 9ஆம் நாள் அதிகாலை, அந்நகரின் தனியார் மருத்துவமனை ஒன்றின் அடித்தளத்தில் குவித்து வைத்திருந்த பொருள்களில் தீப்பிடித்தது. அருகிலிருந்த குடிசைப் பகுதி மக்கள் புகையைக் கண்டு ஓடி வந்தனர். தீயணைப்புப் படைக்குத் தகவல் தருவதிலோ தாமதம் நேர்ந்தது. சுமார் 90 உயிர்கள் பறிபோயின. அவர்களுள் பெரும்பாலோர் படுக்கையை விட்டு எழ முடியாத நோயாளிகள். நெருப்பு அவர்களை நெருங்கவே இல்லை. மாடிகளில் பரவிய புகைதான் அவர்களைக் கொன்றது.

ஹாங்காங்கில் 2025 நவம்பர் 26 அன்று உயர்ந்த அடுக்ககங்களின் தொகுதி ஒன்று பற்றி எரிந்து 150க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கே எச்சரிக்கை மணிகள் இருக்கத்தான் செய்தன. ஆனால் அவை முறையாக இயங்கவில்லை என்று அந்நகரத் தீயணைப்புத் துறையே அறிவித்தது.

நம் மாநிலத்திலும் ஆறாத வடுக்கள் உண்டு. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகையில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி இறந்தார்கள். 2004 ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். மணி ஒலித்தாலும் வழி திறந்திருக்க வேண்டும் என்பதை இவ்விரண்டும் நமக்குக் கற்பித்தன. இன்று நம் வீட்டு ஜன்னல்களுக்கு இரும்புக் கம்பி, பால்கனிக்கு இரும்புக் கம்பி, வாசலுக்கு இரட்டைப் பூட்டு, மொட்டை மாடிக்கும் பூட்டு. திருடனுக்கு அஞ்சிப் பூட்டிய கதவுகள் நம்மையே சிறைப்படுத்திவிடக் கூடாது. பிள்ளைகள் தங்கிப் படிக்கும் மதரஸாக்களையும் விடுதிகளையும் நடத்துவோர், இரவில் எந்தக் கதவு பூட்டப்படுகிறது, அதன் சாவி எங்கே தொங்குகிறது என்பதை இன்றே சென்று பார்க்க வேண்டும்.

நமக்கு நாமே ஒரு வலை

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு, உள்ளே ஆட்கள் இருக்கும்போதே எரிந்துபோனது. அந்தச் செய்தியைக் கேட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், நெருப்பு உங்களுக்குப் பகை என்றும், உறங்கப் போகுமுன் அதை அணைத்துவிட வேண்டும் என்றும் அறிவுறுத்தியதாக ஸஹீஹ் புகாரியில் காண்கிறோம். அன்று விளக்குத் திரி; இன்று கேஸ் அடுப்பு, கொசுவர்த்திச் சுருள், விடிய விடியச் சார்ஜ் ஏறும் மின்சார ஸ்கூட்டர். பொருள் மாறியதே தவிர, அறிவுரை மாறவில்லை.

நகர வலை நம் வாசலுக்கு வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. அதன் விதிகளை நம் அடுக்ககத்துக்கே பொருத்திக்கொள்ளலாம்.

விலாசத்திலிருந்து தொடங்குங்கள். கதவு எண், தெரு, காலனியின் பெயர், அருகிலுள்ள பெரிய அடையாளம், எந்தச் சாலை வழியாகப் பெரிய வண்டி நுழையலாம் என்பவற்றை ஒரே அட்டையில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் கதவின் உட்புறத்தில் ஒன்று, காவலாளி அறையில் ஒன்று ஒட்டிவிடுங்கள். அட்டையின் தலைப்பில் 101, 112 என்ற எண்கள் இருக்கட்டும். பத்து வயதுப் பிள்ளையும் அதைப் பார்த்துப் படித்துச் சொல்லப் பழக வேண்டும். பாஸ்டன் நகரத்துப் பெட்டி எண்ணின் வேலையை இந்த அட்டை செய்துவிடும்.

அடுத்தது, கருவிக்குரிய இடம். புகை உணரும் கருவியைச் சமையலறையில் வைக்காதீர்கள். அங்கே வெப்பத்தை உணரும் கருவியே ஏற்றது. புகைக் கருவி படுக்கையறைக்கு வெளியே, மேற்கூரையில், மின்விசிறிக் காற்று நேராகப் படாத இடத்தில் இருக்கட்டும். கேஸ் கசிவை அறியும் கருவியோ தரைக்கு அருகில் இருக்க வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். இடத்தைச் சரிசெய்தால் பொய் ஒலி குறையும். பொய் ஒலி குறைந்தால் யாரும் மணியின் வாயை அடைக்க மாட்டார்கள். தொல்லை தரும் மணியை நிறுத்தாதீர்கள், திருத்துங்கள்.

தனி வீடுகளில் பேட்டரியால் இயங்கும் சிறு கருவி ஒன்றே பெரிதும் உதவும். மாதம் ஒருமுறை அதன் பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். பத்து ஆண்டுகள் கடந்த கருவியை மாற்றிவிடுங்கள்.

பொறுப்பாளர் மூவரைச் சங்கம் நியமிக்கட்டும். மணி ஒலித்தால் ஒருவர் 101ஐ அழைக்க வேண்டும். ஒருவர் தெருமுனையில் நின்று வண்டிக்கு வழிகாட்ட வேண்டும். ஒருவர் முதியோர் வீடுகளின் கதவைத் தட்ட வேண்டும். யார் வீட்டில் நடக்க முடியாத பெரியவர் இருக்கிறார் என்ற பட்டியல் அவர்கள் கையில் இருப்பது நலம். மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றலாகாது, மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும், லிஃப்டில் ஏறக் கூடாது, புகை சூழ்ந்தால் குனிந்து செல்ல வேண்டும் என்பவற்றையும் எல்லாரும் ஒருமுறை கூடிப் பேசிக்கொள்ளுங்கள். இதற்கு நாள் தேடி அலைய வேண்டாம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக, ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கொண்டாடப்படுகிறது. அந்த வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கினாலே போதும். ரமளானில் சஹர் நேரத்தில் அடுப்புகள் எரியும் நம் வீடுகளுக்கு, நோன்பு தொடங்குமுன் இன்னொரு மாலையும் ஒதுக்கலாம்.

என் அக்காள் வீட்டு அடுக்ககத்தில் இப்போது மணியின் ஒலி திரும்ப வந்துவிட்டது. சமையலறைகளை அடுத்திருந்த இரண்டு கருவிகளை இடம் மாற்றினார்கள். காவலாளியின் நாற்காலியும் வாயிலிலிருந்து பெட்டி இருக்கும் அறைக்குள் வந்தது. வாசற்கதவின் உட்புறத்தில் அட்டை ஒட்டும் பொறுப்பை என் மருமகன் ஏற்றுக்கொண்டான். அதில் காலனியின் பெயரை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

வாசகப் பெருமக்களே! இந்த இதழை மூடி வைத்த பிறகு உங்கள் வீட்டுப் பிள்ளையை அழைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம் வீடு எங்கே இருக்கிறது என்று தீயணைப்புக்காரரிடம் எப்படிச் சொல்வாய்?" அந்தப் பிள்ளை தடுமாறினால், இன்றிரவு உறங்குவதற்கு முன் உங்களுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது.